மச்சானின் ஒட்டு வேட்டி

இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய விளம்பரப் பலகை ஒன்று இருக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் வரப்பில் நடந்து வருகிறார். வரப்பில் சேறு இல்லை. வேட்டியில் கசங்கல் இல்லை. கரையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி, தூரத்தில் யாரோ தன்னைக் கும்பிடுவதை ஏற்றுக்கொள்பவர் போலச் சிரிக்கிறார். அவருடைய நிழலில்தான் நாங்கள் பேருந்துக்கு நிற்போம். நாங்கள் என்றால், இந்த மாவட்டத்து ஆண்கள்.

எங்களைப் பாருங்கள். ஒருவர் கைலியும், உர மூட்டையோடு இலவசமாகக் கிடைத்த பனியனும் போட்டிருப்பார். இன்னொருவருக்கு மடிப்புக் கலையாத கால்சட்டையின் கீழே ரப்பர் செருப்பு. மூன்றாமவரின் பனியனில் ஏதோ வெளிநாட்டு நகரத்தின் ஓட்டப்பந்தயம் எழுதியிருக்கும். மனிதர் பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியவர் இல்லை. பாம்பன் பக்கத்து வலைக்காரர் ஒருவர் கால்பந்து வீரரின் சட்டையில், முதுகில் பத்தாம் எண்ணோடு, மீன் வாசனையோடு நிற்பார். ஓரமாக நான். பழுப்பு நிறக் கால்சட்டை, கட்டம் போட்ட சட்டை. இருபத்தைந்து வருடமாக ஒரே நிறம், ஒரே கட்டம். அலுவலகத்தில் நான் விடுப்பு எடுத்தால் நாற்காலிக்கே தெரியாது என்று சொல்வார்கள்.

ஆனால் ஊர் பேசுவது வேறு. தமிழன் என்றால் வேட்டி. தொலைக்காட்சியில் எந்த மாநிலத்துக்காரன் தமிழனாக வேடம் போட்டாலும் முதலில் வேட்டிதான் வரும். உண்மையில், எங்கள் பக்கம் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டி ஒருவர் எதிரே வந்தால் அவர் கட்சிக்காரர், அல்லது மனை விற்பவர், அல்லது துக்கவீட்டுக்குப் போகிறவர். யாராக இருந்தாலும் நாங்கள் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுவோம்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாது. வண்டியை எடுத்துக்கொண்டு கரையோரமாகப் போய்விடுவேன். வாலிநோக்கத்து உப்பளத்தில் ஆண்கள் சட்டைமேல் சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றி, கையில் காலுறையை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். வெயிலும் உப்பும் சேர்ந்து தைத்த உடுப்பு அது. தனுஷ்கோடியில் ஒருவர் என்ன உடுத்துவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். தொப்பி வாங்கிய சுற்றுலாக்காரர் கடலுக்குத் தொப்பியைக் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு படம் எடுத்துக்கொள்வார். கீழக்கரையில் பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்க்கவேண்டும். தேய்த்து விறைத்த வெள்ளைக் கைலி, முழுக்கைச் சட்டை, தெருமுனை வரை வந்து நம்மை வரவேற்கும் அத்தர். இந்தக் கரையில் நன்றாக உடுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். அவர்களை ஒரு பலகையிலும் ஏற்றக் காணோம்.

இதையெல்லாம் நான் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு திரிந்தவன்தான். போன மாசியில் மகள் தொலைபேசியில் அழைத்ததும் வேடிக்கை என் இடுப்புக்கு வந்துவிட்டது.

மகள் பூனாவில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தாள். பையன் லக்னோ. அவன் அம்மா சரி என்றுவிட்டார். அப்பா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கங்கைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு இராமேஸ்வரம் வருவதாக அவருக்கு நெடுநாள் வேண்டுதலாம். வருகிற இடத்தில் எங்கள் குடும்பத்தையும் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறார். எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் நின்றது.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். "எங்க ஊர்ல ஆம்பளைங்க எல்லாரும் வேட்டிதான் கட்டுவாங்கன்னு அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"ஏன்மா சொன்னே?"

"அவரு லக்னோக்காரங்க எப்படி உடுத்துவாங்க, எப்படிக் கைவேலை செஞ்ச குர்தான்னு பெருமை பேசிக்கிட்டே இருந்தாருப்பா. நானும் விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ரொம்ப சந்தோசப்பட்டாரு. பாக்கணும்ங்குறாரு. நீங்களும் மாமாவும் அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்..."

"உங்க மாமாவா?"

"மாமா இல்லாம எப்படிப்பா? தாய்மாமன்தானே முன்னால நிக்கணும்?"

அங்கேதான் சிக்கல். அவளுடைய மாமா, அதாவது என் மனைவியின் அண்ணன், முதுகுளத்தூர் பக்கம் கரிசக்காட்டில் குண்டுமிளகாய் போடுகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். அவர் கைலிக்காரர். வங்கிக்குப் போனாலும் கைலி, கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாலும் கைலி. எங்கள் கல்யாணத்தன்று பட்டுவேட்டியில் நின்றார். தாலி ஏறிய கையோடு காணாமல் போய், பந்தியில் சாம்பார் வாளியோடு கைலியில் வந்தார். அவரிடம் வரிசை உண்டு: காட்டுக் கைலி, வீட்டுக் கைலி, வெளியூர்க் கைலி. வெளியூர்க் கைலி நீலக்கட்டம் போட்டது. அதற்கு மேல் உலகத்தில் மரியாதை இல்லை.

ஆனால் மரியாதை தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் பக்கத்தில் கைலியோ வேட்டியோ, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். குதிகாலால் விளிம்பைத் தட்டி, எழும்பியதைக் கையில் பிடித்து, இடுப்பில் செருகிக்கொள்கிற அந்த ஒரு வீச்சு, ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கும். மதிக்கத்தக்கவர் எதிரே வந்தால் மடித்தது கீழே இறங்கவேண்டும். வாத்தியார் வந்தால் இறங்கும். வண்டி கோயிலைக் கடந்தால் இறங்கும். மச்சான் ஒருபடி மேல். வேளாண்மை அதிகாரி தொலைபேசியில் பேசினாலும், நடுக்காட்டில் ஒருவரும் பார்க்காத இடத்தில், கைலியை இறக்கிவிட்டுத்தான் "சொல்லுங்க சார்" என்பார்.

தொலைபேசியில் நான் வேட்டிப் பேச்சை எடுத்தேன். "வேட்டி கட்டுனா நடக்க முடியாது மாப்ளே. நழுவுற பயத்துலயே பாதி உசுரு போயிரும். நீங்க பாத்துட்டு வாங்க, நான் வரல" என்றார்.

"உங்க மருமக கேக்குறா மச்சான்."

"புள்ள கேக்குதா... சரி, நழுவாத வேட்டி எங்கயாச்சும் விக்கிதான்னு பாருங்க."

விற்கிறது. இராமநாதபுரம் கடைவீதியில் கேட்டேன். விற்பனைப் பையன் என் கால்சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, "கட்டுறதா சார், ஒட்டுறதா?" என்றான்.

"வேட்டின்னா கட்டுறதுதானே தம்பி?"

"அது அந்தக் காலம் சார். இப்ப மாப்பிள்ளைங்களே ஒட்டுறதுதான் கேக்குறாங்க. வலப்பக்கம் சுத்தி இடுப்புல ஒட்டிக்கிட்டா முடிஞ்சுது. பாக்கெட்டும் இருக்கு, செல்போன் வெச்சுக்கலாம்."

இரண்டு வாங்கினேன். எனக்கும் வேட்டி நிற்காது என்பதைக் கடைக்காரனிடம் சொல்லவில்லை. ஒன்றை மச்சானுக்குப் பேருந்தில் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அழைத்தார்.

"ஏன் மாப்ளே, இது என்ன, பள்ளிக்கூடத்துப் புள்ளைக செருப்பு மாதிரி சர்ருசர்ருன்னு பிரியுது?"

"பிரிச்சாத்தான் பிரியும் மச்சான். சும்மா இருந்தா பிரியாது."

"சும்மா இருந்துக்கிட்டா மனுசன் நடக்குறது?"

குறிப்பிட்ட நாள் வந்தது. காலையில் இராமேஸ்வரத்தில், கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற விடுதி வாசலில் நின்றோம். இன்னொரு ஒட்டு வேட்டியில் நான், மனைவி, முந்தின நாளே வந்துவிட்ட மகள். முதல் பேருந்தில் கிளம்பி மச்சான் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பச்சைக் கரை. கைகளை உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டு, தலையில் குடம் இருப்பவர்போல நடந்து வந்தார். இடுப்பு மட்டும் கொஞ்சம் பருத்திருந்ததாகப் பட்டது. மூன்று மாதமாகப் பார்க்காததால் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, நல்லாருக்குண்ணே" என்றாள் மனைவி.

"நல்லாத்தான் இருக்கு. மூச்சு விடலாமான்னு மட்டும் சொல்லு."

மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, சூப்பரா இருக்கீங்க."

"உனக்காகத்தான் தாயி. உங்க அப்பாவுக்குன்னா வந்திருப்பேனா?"

இராமேஸ்வரத்துத் தெரு எப்போதும் நனைந்தே இருக்கும். தீர்த்தமாடிய யாத்திரீகர்கள் சொட்டச் சொட்டப் போய்க்கொண்டே இருப்பார்கள். மழை இல்லாமல் தெரு ஈரமாகிற ஊர் அது. மச்சான் தரையைப் பார்த்தார். புதுவேட்டியைப் பார்த்தார். குதிகால் தானாக எழுந்தது. விளிம்பு கைக்கு வந்தது. வேட்டி மடிந்து இடுப்பில் செருகப்பட்டது. அரை நொடி. முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

பையனும் அவன் அம்மா அப்பாவும் வந்த வண்டி வாசலில் நின்றது.

நானும் கொஞ்சம் கற்பனை செய்து வைத்திருந்தேன். லக்னோ என்றால் பூவேலை செய்த வெள்ளைக் குர்தா, அரும்பு மீசை, நடையில் ஒரு நவாபுத்தனம். முதலில் இறங்கிய பையனின் அப்பா ஓட்டப்பயிற்சிக்காரர்கள் போடுகிற கால்சட்டையில் இருந்தார். ஏதோ மலைவாசஸ்தலத்தின் பெயர் எழுதிய பனியன். இடுப்பில் பணப்பை, தலையில் கம்பளித் தொப்பி. இராமேஸ்வரத்து வெயிலில் கம்பளித் தொப்பி! தோளில் மட்டும் ஒரு துணிப்பையை, பச்சைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

ஆனால் மச்சான் தொப்பியைப் பார்க்கவில்லை. மருமகளின் மாமனாராகப் போகிறவரைப் பார்த்தார். கை மடிப்புக்குப் போயிற்று. நாற்பது வருடமாகக் கைலியை இறக்கிய அதே வேகத்தில் இழுத்தார்.

சர்ர்ர்ர்.

அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வேட்டி மொத்தமாகப் பிரிந்து காலடியில் வட்டமாக விழுந்தது. விழுந்த வேட்டிக்கு உள்ளே, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய நீலக்கட்டம் போட்ட வெளியூர்க் கைலி. மச்சான் ஒட்டை நம்பாதவர். பருத்த இடுப்பின் இரகசியம் தெரிந்துபோயிற்று.

மச்சான் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் கையே, யாரையும் கேட்காமல், கைலியின் மடிப்பையும் இறக்கிவிட்டது. மரியாதை முழுமையடைந்தது.

பையனின் அப்பா மகளிடம் இந்தியில் ஏதோ கேட்டார். மகள் ஏதோ சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தி இன்னொன்று கேட்டார். பையன் திரும்பிக்கொண்டான், முதுகு குலுங்கியது. என்ன கேட்டாராம் என்று பிறகுதான் தெரிந்தது. மகள், "பெரியவங்களைப் பார்த்தா மரியாதைக்கு எங்க ஊர்ல வேட்டியை இறக்கிவிடுவாங்க" என்றிருக்கிறாள். அதற்கு அவர், "முழுசாவே இறக்கிருவாங்களா?" என்றிருக்கிறார். கேலியாகக் கேட்டாரா, மெய்யாகவே கேட்டாரா என்று அவளாலும் சொல்லமுடியவில்லை. முகம் பிடி கொடுக்காத முகம்.

மச்சான் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு விடுதிப் படியோரம் ஒதுங்கினார். "நான் ஊருக்குப் போறேன் மாப்ளே. புள்ள காரியத்தைக் கெடுத்துட்டேன்ல."

"ஒண்ணும் கெடல மச்சான்."

"அந்தாளு மூஞ்சியப் பாத்தீங்களா? சிரிச்சா பரவாயில்ல. சிரிக்கவே இல்லயே."

மகள் வந்தாள். கண் கலங்கியிருந்தது; ஆனால் குரல் கெட்டியாக இருந்தது. "மாமா, நீங்க போனாத்தான் கெடும். வேட்டியைக் கட்டுங்க."

"கட்டுறதுக்கு இதுல என்ன இருக்கு தாயி, ஒட்டுறேன்" என்று கைலிமேல் மறுபடி ஒட்டிக்கொண்டார். ஆனால் தீர்த்தமாட வரமாட்டேன் என்றுவிட்டார். மனைவியோடு பிராகாரத்தில் உட்கார்ந்து மாற்றுத்துணிப் பைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இனி எழுந்திருப்பதாகவே இல்லை என்பதுபோலத் தூணோடு தூணாக உட்கார்ந்தார்.

கடலில் முங்கிவிட்டு ஈரத்தோடு கோயிலுக்குள் வந்தோம். இருபத்திரண்டு கிணறு. ஒவ்வொரு கிணற்று விளிம்பிலும் ஒருவர் நின்று வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார். என் மனைவி எல்லாருடைய பையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பையனின் அப்பா மட்டும் அந்தத் துணிப்பையைத் தரமறுத்தார். தரிசனத்துக்கென்றே கொண்டுவந்த குர்தா அதில் இருக்கிறதாம். கைவிட்டுப் போய்விடக் கூடாதாம். பெட்டியில் வைத்தால் கசங்கும் என்று ரயிலிலும் மடியிலேயே வைத்திருந்தாராம். தோளில் மாட்டியபடியே ஒன்றாவது கிணற்றுக்குப் போனார். வாளிக்காரர் தனக்குத் தெரிந்த இந்தியில், பையை வெளியே வைக்கச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

"சரி, பையும் பாவம் செஞ்சிருக்கும் போல" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஊற்றினார்.

இருபத்திரண்டு கிணறும் பையோடு. பைக்கு மோட்சம் நிச்சயம்.

முடித்துவிட்டு மச்சான் இருந்த இடத்துக்கு வந்தோம். பையனின் அப்பா பையைத் திறந்தார். குர்தாவை எடுத்து இரு கையாலும் விரித்துப் பிடித்தார். வெள்ளையில் வெள்ளை நூலால் கொடியும் பூவும் இலையும். ஓர் அங்குலம் விடாமல் கை நடந்து போயிருந்தது. லக்னோவின் பேரையும் புகழையும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அது சொட்டிக்கொண்டிருந்தது. கூடவே பைஜாமாவும் சொட்டியது. பையனின் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மொழி தெரியாமலேயே எனக்குப் புரிந்தது. என் மனைவியும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கோயில் ஊழியர் ஒருவர் கடந்து போனார். "ஈரத்தோட சந்நிதிக்குப் போகக் கூடாதுங்க. நடை சாத்த அரை மணிதான் இருக்கு. சீக்கிரம் மாத்துங்க."

வெளியே போய்ப் புதிது வாங்கித் திரும்ப வரிசையில் நிற்க நேரமில்லை. எனக்கும் பையனுக்கும் ஆளுக்கு ஒரு மாற்றுத்துணிதான் இருந்தது. பையனின் அப்பா கையில் கங்கைத் தண்ணீர்ச் செம்பு. எத்தனை நூறு மைல் கொண்டுவந்த தண்ணீர்! கம்பளித் தொப்பியும் ஈரம், கண்ணும் கொஞ்சம் ஈரம். அதுவரை பிடி கொடுக்காத முகம் ஒரு சின்னப் பையனின் முகமாகிவிட்டது.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

சர்ர்ர்ர்.

இந்தத் தடவை மச்சானே பிரித்தார். கைலியோடு வெளியே வந்தார். வேட்டியை நான்காக மடித்து முழங்கையில் போட்டிருந்தார். நேரே மகளிடம் வந்தார்.

"தாயி, இதைக் கட்டச் சொல்லு. கட்டக்கூட வேணாம், ஒட்டச் சொல்லு. சும்மா இருந்தா பிரியாதுன்னும் சொல்லு."

"நீங்க மாமா? முன்னால நிக்கணுமே நீங்க."

"கைலியோட சாமிகிட்ட வரக் கூடாதுத்தா. நான் கோபுரவாசல்ல நிக்கிறேன். எனக்கும் சேத்துக் கும்பிட்டு வாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பையனின் அப்பா ஒல்லி. ஒட்டு இன்னும் ஒரு சாண் தள்ளிப்போய் ஒட்டியது. அதனால் இன்னும் கெட்டியாக நின்றது. மேலுக்கு ஒன்றுமில்லை, கையில் செம்பு. அந்த நீண்ட பிராகாரத்தில், இரு பக்கமும் தூண்கள் வரிசையாக நிற்க, தரை ஈரத்தில் கரை படாமலிருக்க வேட்டியை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்தபடி அவர் நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துப் பலகையில் இருப்பவரை நேரில் பார்த்துவிட்டேன். அவர் லக்னோக்காரர்.

தரிசனம் ஆயிற்று. செம்புத் தண்ணீர் சேர்ந்தது. கிழக்குக் கோபுரம் வழியாக வெளியே வந்தோம். எதிரே தேநீர்க் கடையில், கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கண்ணாடிக் கிளாசோடு மச்சான். காலையிலிருந்து முதல்முறையாக மனிதர் மனிதராக நின்றார். எங்களைப் பார்த்தார். கிளாசைக் கீழே வைத்தார். கை மடிப்புக்குப் போயிற்று. கைலி இறங்கியது. ஒன்றும் பிரியவில்லை.

பையனின் அப்பா நின்றார். மகளைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தார், புரிந்துவிட்டது என்பதுபோல. பிறகு அவர் செய்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. குனிந்து, தன் வேட்டியின் முனையைப் பிடித்து, மச்சானைப்போலவே மடித்து இடுப்புக்குக் கொண்டுபோகப் பார்த்தார். இறக்குவதற்கு முதலில் மடிக்கவேண்டும் அல்லவா!

"ஐயையோ, பிடிங்க! ஒட்டைப் பிடிங்க!" என்று மச்சான் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். ஓடிவந்து சம்பந்தியாகப் போகிறவரின் இடுப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே நின்றார்கள். அந்த மனிதர் முதன்முதலாகச் சிரித்தார். தோள் குலுங்கி, செம்பு கையில் ஆட, வாய்விட்ட சிரிப்பு. சிரிப்பினூடே மகளிடம் ஏதோ கேட்டார்.

மகளின் வாய் ஒருமாதிரி கோணிற்று.

"என்னம்மா?" என்றேன்.

"கல்யாணத்தன்னைக்கும் இதே ஒட்டுறதுதானா, இல்ல நெசமாவே கட்டணுமான்னு... மாமாவைக் கேக்கச் சொல்றாருப்பா."

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பையன் வானத்தைப் பார்த்தான். மச்சானுக்கு மட்டும் விஷயம் எட்டவில்லை. அவருக்குக் கேட்டது வேட்டிக் கேள்வி மட்டுந்தான்.

"கல்யாணத்துக்கு ஒட்டுறது ஆகாது தாயி. நான் கட்டிவிடுறேன்னு சொல்லு. ஆனா மூணு முடிச்சு விழுற வரைக்குந்தான் நானும் வேட்டியில இருப்பேன், பந்திக்குக் கைலிதான்னும் இப்பவே சொல்லிரு. அப்பறம் பேச்சு வரக் கூடாது."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தியில் சொன்னாள். அவர் மச்சானின் நீலக்கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் மச்சான், பிடித்த இடுப்பை விடாமல்.

"பந்திக்கு அவருக்கும் ஒண்ணு வேணுமாம் மாமா."

மச்சான் அவரை மேலும் கீழும் அளந்தார்.

"நீலமா, பச்சையான்னு கேளு."